பட்டுச்சேலை கட்டிப் பிரித்த மூட்டம்

“கரி எங்கக்கா இருக்கு?” மதுரையிலிருந்து காரில் வந்து இறங்கிய படக்காரத் தம்பி எங்கள் கரிக்களத்துக்குள் கால் வைத்ததும் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவர் கேட்டதில் தப்பே இல்லை. கரி சுடுகிற இடத்தைப் படமெடுக்க வந்தவர் கண்ணில் ஒரு துண்டுக் கரிகூடப் படவில்லை. கம்பிக் கேட்டின் இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டியிருந்தது. தண்ணீர் தெளித்துப் பெருக்கிய தரையில் பெரிய மாக்கோலம். கொட்டகைச் சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு. அதற்கு முன்னால் ஏழெட்டுப் பெண்கள் பட்டுச்சேலை கட்டி, தலை நிறைய மல்லிகைப்பூ வைத்து, வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி கையில் சந்தனக் கிண்ணம், ஒருத்தி கையில் கற்கண்டுத் தட்டு. படக்காரத் தம்பி திரும்பித் தன் காரைப் பார்த்தார். வழி தப்பி ஏதோ கல்யாண வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று நினைத்திருக்க வேண்டும். அதற்குள் என் மதினி பன்னீர்ச் செம்போடு முன்னால் வந்து அவர் மேல் ஒரு தெளி தெளித்தாள். அவர் பதறிப்போய்க் கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தது இன்றைக்கும் என் கண்ணில் அப்படியே இருக்கிறது.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில், பஸ் நிற்கிற இடத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற அந்தக் கரிக்களம் அவளுடையது. அண்ணனுடையது என்று யாராவது சொன்னால் அண்ணனே திருத்திவிடுவான். கல்யாணமாகி வந்த புதிதில் இரண்டு பேரும் யார் யார் காட்டிலோ சீமைக்கருவேலம் வெட்டக் கூலிக்குப் போனார்கள். வெட்டுகிற கூலியைவிட அதைச் சுட்டுக் கரியாக்குகிறவனுக்கு நிற்கிற லாபத்தைக் கண்டுகொண்டவள் மதினி. மகளிர் குழுவில் லோனு வாங்கி, மேய்ச்சல் நிலம் ஒன்றை ஒத்திக்குப் பிடித்து, முதல் மூட்டத்தை அவளே அடுக்கினாள். விறகைக் குவித்து அடுக்கி, மேலே இலைதழை போட்டு, மண்ணால் மூடி, உள்ளே தீயை வைத்துவிட்டு, அது சுவாலை விடாமல் நாள்கணக்கில் புகைந்தே கரியாகும்படி காவல் இருப்பதுதான் மூட்டம் போடுவது. கைக்குழந்தை இருக்கிற வீடு மாதிரி, எந்த நேரமும் ஒரு காதும் ஒரு மூக்கும் அதன் பக்கமே இருக்க வேண்டும். என் மதினிக்குப் பொறுமை கிடையாது. அண்ணனிடம் கிடையாது, என்னிடம் கிடையாது, பஸ்ஸிடம்கூடக் கிடையாது. மூட்டத்திடம் மட்டும் எங்கிருந்து அவ்வளவு பொறுமை வந்தது என்று அண்ணன் இன்னமும் ஆற்றாமையோடு கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

நான் பாளையம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் களத்துக்குப் போய் மதினிக்குப் பில் போட்டுக் கொடுப்பேன். வருகிற இங்கிலீஷ் மெசேஜை வாசித்துச் சொல்வேன். அதற்குக் கூலி மத்தியானச் சாப்பாடும் அவள் வாயும்தான். அந்த வாய் எதற்கும் பின்வாங்காது. ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவள் சுருங்கிப்போவாள். போட்டோ. கரிவேலை பார்க்கிறவர்களுக்குக் கை ஒருநாளும் முழுசாக வெளுக்காது. எந்தச் சோப்புப் போட்டாலும் ரேகைக்குள்ளும் நகக்கண்ணிலும் கறுப்பு உட்கார்ந்திருக்கும். எங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பங்கள் எதை எடுத்துப் பார்த்தாலும் மதினி பின்வரிசையில் இருப்பாள். கைகள் இரண்டும் முந்தானைக்குள் இருக்கும். என் கல்யாண ஆல்பத்தில் அவளுக்கு முகம்கூட முக்கால்வாசிதான். ஆதார் அட்டைக்குப் படமெடுத்த அன்றைக்கு மூட்டத்திலிருந்து நேராக ஓடியவள், கன்னத்தில் ஒரு கரித் தீற்றலைத் துடைக்க மறந்துபோனாள். அது அப்படியே அட்டையில் ஏறிவிட்டது. பாங்கில் ஒருமுறை, “இதென்னம்மா, மச்சமா?” என்று கேட்டிருக்கிறார்கள். “ஆமா, பொறந்ததுலருந்து இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்து, களத்தில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டு அன்று சாயங்காலம் நெடுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

தூத்துக்குடியில் இருக்கிற கம்பெனி ஒன்று எங்கள் கரியை வாங்கிக்கொண்டிருந்தது. நேராக இல்லை, தரகர் மூலமாக. அவருக்கு வேண்டும் என்றால் லோடு எடுப்பார், வேண்டாம் என்றால் மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் கிடக்கும். அந்தக் கம்பெனிக்காரர்கள் திடீரென்று ஒரு யோசனை செய்தார்கள். ஓட்டல்களுக்கும் வெளிநாட்டுக்கும் போகிற கரியைச் சின்னச் சின்ன அட்டைப் பையில் அடைத்து விற்கப்போகிறார்கள். பையின் மேல், அதைச் சுட்டவர்களுடைய படம் இருக்க வேண்டும். நாலைந்து களங்களில் படம் எடுப்பார்கள். எந்தக் களத்துப் படம் பிடித்துப்போகிறதோ அந்தக் களத்திலிருந்து வருஷம் முழுக்க நேராகவே லோடு எடுப்பார்கள். இதைப் போனில் கேட்டதும் மதினி என்னைப் பார்த்தாள். வருஷம் முழுக்க என்றால், களத்தில் வேலை பார்க்கிற பெண்கள் தரகர் வாயைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டியதில்லை. அது அவளுக்கு உடனே புரிந்தது. அதற்கு விலையாகக் கேட்பது ஒரு போட்டோ என்பதும் புரிந்தது. முகம் விழுந்துவிட்டது. “கரியப் படம் எடுத்துக்கிடட்டும் தாயி. சுட்டவளப் படம் எடுத்து என்ன செய்யப் போறாக?” என்றாள். அப்புறம் அவளே, “சரி, நிக்கத்தான் வேணும்னா, இந்தத் தடவையாச்சும் மனுசி மாதிரி நிக்கிறேன்” என்று சொன்னாள். நான் தலை நிமிராமல் பில்லைப் பார்த்துக்கொண்டேன்.

படமெடுக்க வருவதற்கு ஒரு வாரம் முன்னால் கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு வாட்ஸ்அப் வந்தது. என்னென்ன தயார் செய்ய வேண்டும் என்ற குறிப்பு. நான் உரக்க வாசித்தேன். களம் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். எதையும் மாற்ற வேண்டாம். வழக்கமாக வேலைக்குப் போடுகிற உடுப்பே போதும். சிறப்பாக எந்த ஏற்பாடும் தேவையில்லை. வாசித்து முடித்ததும் நான், “அப்ப வேலை மிச்சம் மதினி” என்றேன். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் என்னை விவரம் கெட்டவள் மாதிரி பார்த்தார்கள். மதினி சொன்னாள்: “ஏத்தா, அவுக மரியாதைக்குச் சொல்றாக. ஒரு வீட்டுக்கு வாரவுக ‘ஒண்ணும் வேணாம், இப்பத்தான் சாப்ட்டு வந்தோம்’னு சொல்றது இல்லையா? அதுக்காக நம்ம காப்பி போடாம விட்டுருவமா? வேணாம்னு அவுக சொன்னாத்தான் அவுகளுக்கு அழகு. செஞ்சு வச்சாத்தான் நமக்கு அழகு.” யாரும் மறுத்துப் பேசவில்லை. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் பக்கத்தில் ‘ஒன்றும் செய்யாதீர்கள்’ என்று ஒருவர் வாய்திறந்து சொல்லிவிட்டால், அவருக்கு இரண்டு பங்காகச் செய்ய வேண்டும் என்றுதான் அர்த்தம். அப்படித்தான் பிறந்ததிலிருந்து பழகியிருக்கிறோம்.

அந்த ஒரு வாரம் களத்தில் நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கொட்டகையில் இருந்த கரி மூட்டை எல்லாவற்றையும் தரகரைக் கெஞ்சிக் கூத்தாடி ஏற்றி அனுப்பினாள் மதினி. வருஷக்கணக்காகத் தரையில் படிந்து கிடந்த கரித்தூளைச் சுரண்டி அள்ளினார்கள். தண்ணிவண்டிக்குச் சொல்லி, ஒரு வண்டித் தண்ணீரைத் தரையில் அடித்துக் கழுவினார்கள். எங்கள் சீமையில் குடிக்கிற தண்ணீரையே குடம் பார்த்துச் செலவழிக்கிற வீடுகள் உண்டு. தண்ணிவண்டிக்காரர் ‘யாருக்குக்கா கல்யாணம்?’ என்று கேட்டுவிட்டுத்தான் போனார். மண்வெட்டி, தட்டுக்கூடை, சல்லடை எல்லாவற்றையும் விளக்கி வெயிலில் காயவைத்தார்கள். கரி அள்ளுகிறபோது பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். அந்தச் சட்டைகளைப் பார்த்தாலே படக்காரர் ஓடிவிடுவார் என்று சொல்லி, படமெடுப்பதற்கு முந்தின நாள் ஒரு அண்டாவில் சோப்புப்பொடி கரைத்து மொத்தமாக ஊறப்போட்டார்கள். தண்ணீர் மை மாதிரி ஆனது. இரண்டு பேர் அருப்புக்கோட்டைக்குப் பஸ்ஸேறிப் போய்ப் புருவம் திருத்திக்கொண்டு வந்தார்கள். பத்து வருஷம் குறைந்துவிட்டதாக அவர்களே சொல்லிக்கொண்டார்கள். நாங்கள் ஆமாம் போட்டோம்.

எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினாலும் ஒன்று மட்டும் நகராது. களத்தின் பின்மூலையில் ஒரு மூட்டம். எரிந்து முடிந்து, உள்ளுக்குள் ஆறிக்கொண்டிருந்தது. படமெடுப்பதற்கு மறுநாள்தான் அதைப் பிரிப்பதாக இருந்தது. மண்மேடு மாதிரி கறுத்துக் கிடந்த அதை எதைக்கொண்டு மறைப்பது என்று யோசித்தபோது, அந்த வாரம் முழுக்கத் தனக்கு ஒரு வேலையும் தரவில்லையே என்ற வருத்தத்தில் இருந்த என் அண்ணன் முன்வந்தான். “அத நான் பாத்துக்கிறேன்” என்றான். பார்த்துக்கொண்டான். படமெடுக்கிற அன்று காலையில் லோடு ஆட்டோவில் ஒரு ஃபிளெக்ஸ் வந்து இறங்கியது. மூட்டத்தின் அகலத்துக்கு இருந்தது. ‘மதுரையிலிருந்து வருகை தரும் புகைப்படக் கலைஞரை வருக வருக என வரவேற்கிறோம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. படக்காரர் முகம் தெரியாதபடியால், அந்த இடத்தில் அண்ணன் தன் படத்தைப் போட்டிருந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டு, செல்போனைக் காதில் வைத்தபடி. மதினி அதையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்னயப் படம் எடுக்க வாராக. இவுகளுக்கு எதுக்கு இம்புட்டுப் பவுடரு?” என்று மட்டும் கேட்டாள்.

ஆனால் அவள் பாடு கைகளோடுதான். முந்தின நாள் மத்தியானமே உட்கார்ந்துவிட்டாள். மண்ணெண்ணெய் தடவித் துடைத்தாள். எலுமிச்சம்பழத்தோல், சீயக்காய், பாத்திரம் விளக்குகிற நார், கடைசியில் ஒரு புதுப் பல் பிரஷ். நகத்துக்கடியில் அதை விட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்துபோனது. “போதும் மதினி, தோலு உரிஞ்சிரும்” என்று பிரஷைப் பிடுங்கினேன். அவள் உள்ளங்கையை என் முன்னால் நீட்டினாள். ரேகைகள் மட்டும் பேனாவால் வரைந்த மாதிரி கறுப்பாகத் தெரிந்தன. “இது எந்தலையெழுத்து. அழியாது” என்றாள். எங்கள் வீட்டில் எதற்கும் அழுது நான் பார்த்திராத பெண்பிள்ளை அவள். நான் பஸ் பிடித்துப் போய் மருதாணிக் கோன் வாங்கி வந்தேன். ரேகை தெரியாதபடி உள்ளங்கை முழுக்கப் பூவும் கொடியுமாக வரைந்துவிட்டேன். நகத்துக்கும் வைத்தேன். காய்ந்து உதிர்ந்த பிறகு பார்த்தால் கை செக்கச்செவேல் என்று இருந்தது. அவள் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். களத்துப் பெண்கள் அத்தனை பேரும் தங்கள் கைகளை நீட்டிக்கொண்டு என்னைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு இடுப்பு ஒடிந்தது.

அப்படியெல்லாம் ஜோடித்து வைத்த களத்தில் வந்து நின்றுதான் அந்தத் தம்பி, கரி எங்கே என்று கேட்டார். நல்ல பிள்ளை. வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. முதலில் எங்களை நோகடிக்கக் கூடாது என்று நினைத்து, எங்கள் இஷ்டப்படியே எடுத்துப் பார்த்தார். மதினியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, மற்றவர்களைப் பின்னால் நிற்கவைத்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இமைக்காமல் நின்றார்கள். “கொஞ்சம் சிரிங்கக்கா” என்றார். யாருக்கும் வரவில்லை. மதினி முகத்தைத் தாசில்தார் மாதிரி வைத்திருந்தாள். எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் பின்னால் ஃபிளெக்ஸில் என் அண்ணன் போன் பேசிக்கொண்டிருந்தான். எடுத்ததைப் போட்டுப் பார்த்த தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அக்கா, இது குடும்பப் படமா நல்லாருக்கு. கம்பெனிக்கு ஆகாது. மத்த களத்துல எல்லாம் புகை, மூட்டை, வேலைன்னு நல்லா வந்திருக்கு. இதைக் கொடுத்தா பாத்தவுடனே தள்ளிருவாங்க” என்றார். அவர் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது. ஒரு வாரமாகக் களத்தில் இருந்த கலகலப்பு அப்படியே வடிந்துபோனது.

தம்பிக்கு எங்களுக்கு உதவ வேண்டும் என்றுதான் ஆசை. அந்த ஆசையில் ஒரு வார்த்தை விட்டார். “எங்கேயாவது கொஞ்சம் கரித்தூள் இருந்தா, முகத்துலயும் கையிலயும் லேசாப் பூசிக்கிறீங்களா? படத்துக்காகத்தான்.” சந்தனக் கிண்ணம் வைத்திருந்தவள் அதை மெதுவாகக் கீழே வைத்தாள். புருவம் திருத்திக்கொண்டு வந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி, “ஏந்தம்பி, கல்யாண வீட்டுக்குப் படமெடுக்கப் போனா, சமையக்காரவுக மேல சாம்பார ஊத்திவிட்டா எடுப்பீக?” என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் மட்டும் மதினியின் காதருகே போய், “லேசாப் பூசினா என்னங்கேன். வருசம் பூரா லோடு” என்று முணுமுணுத்தான். அவன் சொன்னதும் தப்பில்லை. கரி பூசாவிட்டால் அந்த லோடு போய்விடும். பூசினால், மனுஷி மாதிரி நிற்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது போய்விடும். நான் மதினியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தன் சிவந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நாற்காலியிலிருந்து எழுந்தாள். “பூசிக்கிற மாட்டோம் தம்பி. நாங்க என்ன வேசமா கட்டுறோம்?” என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். தம்பி முகம் சிவந்துபோய், “தப்பா எடுத்துக்காதீங்கக்கா” என்றார். “தப்பெல்லாம் இல்ல. ஒங்களுக்கு வேலை பாக்குறதுதான வேணும்? வேலை பாக்குறோம். ஒட்டுறது ஒட்டிக்கிடட்டும்” என்று சொல்லிவிட்டு, விறுவிறுவென்று பின்மூலைக்குப் போனாள். ஃபிளெக்ஸைக் கட்டியிருந்த கயிற்றை ஒரு இழு இழுத்தாள். என் அண்ணன் கறுப்புக் கண்ணாடியும் செல்போனுமாக மடிந்து தரையில் விழுந்தான். பின்னால் மூட்டம் இருந்தது. மதினி மண்மேல் கையை வைத்துப் பார்த்தாள். ஆறியிருந்தது. “நாளைக்குப் பிரிக்கிறத இன்னைக்குப் பிரிப்போம். வாங்கடி” என்றாள். “சட்டையெல்லாம் அண்டாவுல கெடக்கே அக்கா!” என்று ஒரு குரல். “சீலை பட்டு!” என்று இன்னொரு குரல். “பட்டுதான. தூக்கிச் செருகு” என்று சொல்லிவிட்டு, தன் கல்யாணப் பட்டை முழங்காலுக்கு மேல் ஏற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். முதல் மண்வெட்டியை அவள்தான் போட்டாள்.

ஒரு நிமிஷம் தயங்கினார்கள். அவ்வளவுதான். அப்புறம் பூ வைத்த தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு எல்லோரும் இறங்கிவிட்டார்கள். மேல்மண் சரிந்தது. உள்ளேயிருந்து கரி கலகலவென்று கொட்டியது. நன்றாக வெந்த கரிக்கு ஒரு சத்தம் உண்டு, பீங்கான் தட்டுகள் உரசுகிற மாதிரி. அந்தச் சத்தம் கேட்டதும் அவர்களுக்குப் படம், கம்பெனி, கேமரா எல்லாமே மறந்துபோனது. ‘வேருத் தூர்க்கரியத் தனியாப் போடு’, ‘அந்தக் கூடையத் தள்ளு’, ‘ஏய், எஞ்சீலையில மிதிக்காத, இதுக்கு இன்னும் தவணை முடியல’ என்று வழக்கமான சண்டையும் சத்தமும் திரும்ப வந்துவிட்டது. அரக்குப் பட்டும் மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையும் கரிப்புழுதிக்கு நடுவில் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தன. மருதாணிக் கைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தன. படக்காரத் தம்பிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. படுத்து எடுத்தார், குந்தி எடுத்தார், கொட்டகைக் கூரையில் ஏறப்போனவரை அண்ணன் இடுப்பைப் பிடித்து இறக்கினான். மூட்டத்தின் சரிவில் பின்பக்கமாகவே நடந்துபோனவர், கால் புதைந்து, கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி கரித்தூளுக்குள் உட்கார்ந்துவிட்டார். வியர்வையைத் துடைக்கிறேன் என்று கையால் முகத்தை ஒருமுறை வழித்தார். வெள்ளைச் சட்டையும் போய், முகமும் போய், கண்ணும் பல்லும் மட்டும் மிச்சம் இருந்தன. அது தெரியாமல், “அப்படியே இருங்கக்கா, சூப்பர், சூப்பர்” என்று கத்திக்கொண்டு கேமராவைக் கண்ணில் வைத்தார். யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. மதினி மண்வெட்டியை ஊன்றிப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ஒரு கேமரா பார்த்தது அதுதான் முதல் தடவை.

மத்தியானம் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து கோழிக்குழம்பு சாப்பிட்டோம். தம்பிக்கு அண்ணனுடைய சட்டை ஒன்றைக் கொடுத்திருந்தோம். முகத்தை எவ்வளவு கழுவியும் காதோரம் கறுப்பு போகவில்லை. புறப்படும்போது மதினி, “தம்பி, வீட்டுல போய்த் தேய்ச்சுக் குளிங்க. நாளைக்குக் கல்யாணத்துக்குப் படமெடுக்கப் போனா, மாப்பிள்ளைய விட்டுட்டு ஒங்களத்தான் பாப்பாக” என்று சொல்லி அனுப்பினாள். கார் ரோட்டுக்கு ஏறியதும்தான் அவளுக்குக் கவலை வந்தது. “என்னமோ கிறுக்குத்தனமாப் பண்ணிட்டேன் தாயி. பட்டும் போச்சு. லோடும் போயிருமோ என்னமோ” என்றாள். அந்தக் கவலையை வைத்துக்கொண்டு அவள் ஒரு மாதத்துக்கு மேல் கழித்தாள். நான் ஞாயிற்றுக்கிழமை போய் நின்றதும் முதலில் என் போனைத்தான் பார்ப்பாள். வாயால் கேட்க மாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். எங்கள் களத்துப் படம்தான் பைக்குப் போகிறது, அடுத்த வாரத்திலிருந்து அவர்கள் லாரியே நேராக வரும் என்று சொன்னார்கள். பெண்கள் போட்ட கூச்சலில் பக்கத்துக் காட்டு ஆடுகள் கலைந்து ஓடின. முதல் பை கைக்கு வந்தபோது மதினி அதை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். படத்தில் எல்லோரும் இருந்தார்கள். பட்டும் பூவும் தலைத்துண்டும், முழங்கை வரைக்கும் கரியும், அத்தனை பேர் வாயிலும் சிரிப்பும். இவர்கள் எதைப் பார்த்து இப்படிச் சிரிக்கிறார்கள் என்று வாங்குகிறவர்களுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. “நல்லா வந்திருக்கு இல்ல?” என்று நான் கேட்டேன். “ம்” என்றாள். ஒரு விரலால், படத்தில் மண்வெட்டியைப் பிடித்திருந்த தன் கையைத் தொட்டுப் பார்த்தாள். “கைய மறைக்கணும்னே அன்னைக்குத் தோணல தாயி” என்றாள். தனக்கே அது ஆச்சரியம் என்பது போல இருந்தது அவள் சொன்ன விதம்.

இதெல்லாம் நடந்து கொஞ்ச காலம் ஆகிவிட்டது. இப்போது களத்தில் இன்னும் சில பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். கம்பெனி லாரி வாராவாரம் வருகிறது. மதினியின் வாய் முன்பைவிட நீளம். போன மாதம் என் மகனுக்குக் காதுகுத்து வைத்தோம். தாய்மாமன் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும், தாய்மாமன் பெண்டாட்டிதான் சீர்த்தட்டோடு முன்னால் வர வேண்டும். அண்ணன் வந்துவிட்டான். மதினியைக் காணோம். அன்று பார்த்து லாரி முன்கூட்டியே வந்துவிட்டதாம். காது குத்தப்போகிற நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். முகம் கழுவியிருந்தாள், நல்ல சேலை கட்டியிருந்தாள். கையைத் தேய்க்க நேரமில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. குத்தி முடித்து, பிள்ளை அழுது ஓய்ந்து, குடும்பப் படத்துக்கு எல்லோரையும் நிற்கச் சொன்னார்கள். நான் வழக்கம்போலப் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்து, “மதினிக்கு அங்க எடம் விடுங்க” என்றேன். அவள் அங்கே போகவில்லை. முன்வரிசைக்கு வந்து, என்னைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, எனக்குப் பக்கத்தில் நின்று, என் தோளில் கையைப் போட்டாள். நான் கட்டியிருந்தது அன்றைக்குத்தான் மடிப்புக் கலைத்த சந்தன நிறப் பட்டு.

“மதினி, சீலை!” என்று கத்திவிட்டேன்.

“ஏத்தா, கத்தாத. படத்துல வாயப் பொளந்துக்கிட்டு விழுவ. சீலைய ஒங்கண்ணன்ட்டக் குடு, அவுக தொவச்சுத் தருவாக” என்றாள். கையை எடுக்கவில்லை. அதற்குள் கேமரா மின்னிவிட்டது.

ஆல்பம் நேற்று வந்தது. அந்தப் படத்தில் மதினி கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். எல்லோரும் கேமராவைத்தான் பார்க்கிறார்கள். நான் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு, என் தோளில் இருக்கிற அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.